யாருடைய விரதம்?

உண்ட உணவே மனமாகிறது என்னும் கொள்கை நம் நாட்டில் மிகப் பழமையானது. சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் குமாரன் சுவேதகேதுவுக்கு, அன்னமானது உள்ளே சென்றபின் மூன்றாகப் பிரிந்து, அதன் ஸ்தூலமான பாகம் மலமாகவும், மத்தியமான பாகம் மாமிசமாகவும், அதிசூட்சுமமான பாகம் மனமாகவும் ஆகிறதென்று உபதேசித்ததோடு நில்லாமல், அதைக் கண்கூடாகக் காட்டும் பொருட்டு, 15 நாள் தண்ணீர் மட்டும் பருகி உபவாசமிருக்கும்படி சொல்லி, அதன்பின் வேதத்தை ஓதிக்காட்டும்படி கேட்கிறார். பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் பயின்று, வித்தையில் தனக்கு மிஞ்சியவர் இல்லையென்ற செருக்கோடு திரும்பி வந்திருந்த அந்த வாலிபனுக்கு ஒரு மந்திரங்கூட வாயில் வரவில்லை. போய்ச் சாப்பிட்டு வா என்றார் தகப்பனார்; சாப்பிட்டு வந்ததும் எல்லாம் வந்தது.

தத்துவ நூல்களில் இதைப்போன்ற நேரடிப் பரிசோதனையைக் காண்பது அபூர்வம். அதிலும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பரிசோதனைக்கு உட்பட்டவன் வயது வந்தவன். எதற்காகப் பட்டினி கிடக்கிறோமென்று தெரிந்து, தானே இசைந்து பட்டினி கிடந்தவன். ஆட்டிசம் உள்ள குழந்தையின் இலையிலிருந்து எந்தப் பண்டத்தை எடுப்பது, எதை வைப்பது என்ற விசாரத்தில் இந்த வித்தியாசமே எனக்கு முதன்மையாகப் படுகிறது; ஏனென்றால் இந்தக் கேள்வியில் வைத்திய சாஸ்திரம் சொல்லவேண்டிய பங்கு ஒன்று இருப்பதைப்போலவே தர்ம சாஸ்திரம் சொல்லவேண்டிய பங்கும் ஒன்று இருக்கிறது. முன்னதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பின்னதைப் பற்றி அநேகமாக ஒருவரும் பேசுவதில்லை.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெரு ஒன்றில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். முன்கூடத்தில் குழித்தறி, தறியில் புருஷன் அமர்ந்து நாடாவை ஓட்ட, கோர்வைக் கரைக்காக மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறாள். அவர்களுடைய ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவன் சாப்பிடுவதெல்லாம் தயிர்சாதம், இட்லி, சேமியா, பால், ஒரே கம்பெனியின் ஒரே தினுசு பிஸ்கத்து, இவ்வளவே. நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வயிறு போகிறது. போகிற அன்றைக்குத் தெருவே கேட்கும்படி அலறுகிறான். யாரோ ஒருவர் வந்து, கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்திப் பாருங்கள், பிள்ளை பேசுவான் என்று சொல்லிப்போகிறார். பேசுவான் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் நிறுத்துவாள் என்பதில் சந்தேகமில்லை. நிறுத்தினால் மிஞ்சுவது இட்லி ஒன்றுதான் என்பதைச் சொன்னவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அந்த நிமிஷத்தில் அவளும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த யோசனை ஆதாரமே இல்லாமல் முளைத்ததன்று. 1943-ஆம் வருஷம் லியோ கானர் என்ற வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசம் என்ற நிலையை உலகுக்கு முதன்முதல் தெளிவாக எடுத்துக்காட்டியபோதே, அவர்களில் பலருக்குச் சிசுப்பருவத்திலிருந்தே உணவூட்டுவது பெரும்பாடாக இருந்ததென்று குறித்துவைத்தார். கோதுமையிலுள்ள குளூட்டன், பாலிலுள்ள கேசீன் ஆகிய புரதங்கள் சரியாகச் செரியாமல், அபினியைப்போன்ற குணமுள்ள துணுக்குகளாகிக் குடல் வழியே ரத்தத்தில் கசிந்து மூளையை மயக்குகின்றன என்ற அனுமானம், 1979-இல் ஜாக் பாங்க்செப் ஆட்டிசத்தையும் அபினியின் செயலையும் இணைத்து எழுதியதிலிருந்து தொடங்கி, நார்வேயைச் சேர்ந்த ரீக்கெல்ட் என்பவரால் வளர்ந்தது. கேட்பதற்கு உத்தாலகருடைய உபதேசத்தின் தலைகீழ்ப் பிரதிபிம்பம்போல் இருக்கும் அழகான அனுமானந்தான். ஆனால் 2008-இல் இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள 65 சிறுவர்களின் சிறுநீரை நுட்பமான கருவிகளால் ஆராய்ந்தபோது, அந்த அபினித் துணுக்குகள் ஒன்றும் அகப்படவில்லை. அனுமானம் அழகாயிருப்பது அதற்குப் பிரமாணமாகிவிடாது என்பது நம்முடைய தார்க்கிகர்கள் என்றோ சொல்லிவிட்ட விஷயம்.

உணவு சித்தத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதற்கு அசைக்கமுடியாத சாட்சியம் வைத்திய சரித்திரத்தில் வேறோரிடத்தில் இருக்கிறது. 1934-ஆம் வருஷம் நார்வே தேசத்தில், புத்தி வளராத இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி, அவர்களிடம் வீசும் விசித்திரமான வாடைக்குக் காரணம் கேட்டு வைத்தியர் வைத்தியராக அலைந்து, கடைசியில் ரசாயனமும் கற்றிருந்த அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டரிடம் வந்துசேர்ந்தாள். அவர் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்ததிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, புரதத்திலுள்ள பீனைல் அலனின் என்னும் பொருளை மாற்றிக்கொள்ளும் சக்தி இல்லாத உடல்களில் அது தேங்கி மூளையைக் கெடுக்கிறதென்ற முடிவுக்குக் கொண்டுவந்தது. பிறகு பர்மிங்காம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஹார்ஸ்ட் பிக்கல் முதலியோர், மற்றொரு தாய் விடாமல் வற்புறுத்தியதன்பேரில், அப்பொருளைப் பெரும்பாலும் நீக்கிய உணவைத் தயாரித்து அவளுடைய சிறுமிக்குக் கொடுத்தார்கள். நிற்கமாட்டாமல், தலையை முட்டிக்கொண்டு ஓயாமல் அழுதுகொண்டிருந்த குழந்தை, சில மாதங்களில் தவழ்ந்தது, நின்றது, நாற்காலியில் ஏறியது. முட்டுவதையும் அழுவதையும் விட்டது. ஆயினும் தாயின் கண் ஆசையால் மயங்கியிருக்கக்கூடுமல்லவா? ஆகவே அவளுக்குத் தெரியாமல் அந்தப் பொருளை மறுபடி உணவில் கலந்துவைத்தார்கள். மிகச் சீக்கிரத்திலேயே குழந்தை பழைய நிலைக்குச் சரிவதைக் கண்டு அந்தத் தாய் கலங்கிப்போனாள். 1953-இல் லான்செட் பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாயிற்று. அவளுக்குத் தெரியாமல் அப்படிச் செய்தது தர்மந்தானா என்று கேட்டால் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது; ஆனால் அந்த நோயுள்ள குழந்தைகள் பிறந்தவுடனே கண்டறியப்பட்டு, இன்று பல தேசங்களில் மற்றவர்களைப்போலவே வளர்ந்து வாழ்கிறார்கள் என்றால், உத்தாலகருடைய வாக்கு அங்கே அட்சரம் பிசகாமல் பலித்தது என்றே சொல்லவேண்டும்.

அதே முறையை ஆட்டிசத்தில் கையாண்டபோது கிடைத்த விடை வேறு. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த சூசன் ஹைமன் முதலியோர், மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 14 குழந்தைகளுக்கு, கோதுமையும் பாலும் நீக்கிய உணவைப் பல வாரங்கள் கொடுத்து, போஷணை குறையாதபடி கண்காணித்து, பிறகு யாருக்கும் தெரியாதபடி சில நாள் குளூட்டன் கலந்த பண்டத்தையும், சில நாள் கேசீன் கலந்ததையும், சில நாள் இரண்டும் கலந்ததையும், சில நாள் ஒன்றும் கலவாததையும் கொடுத்துவந்தார்கள். நடத்தையிலோ, தூக்கத்திலோ, மலம் கழிவதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லையென்று 2016-இல் எழுதினார்கள். பதினான்கு குழந்தைகள் சிறிய தொகைதான்; கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோயும் ஒவ்வாமையும் உள்ளவர்களை முன்னரே விலக்கிவிட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது. எனினும், ஒரு பக்கம் மறைவாகக் கலந்ததைத் தாயின் கண்ணே கண்டுபிடித்துவிட்டது. மற்றொரு பக்கம் அப்படிக் கண்டுபிடிப்பதற்கு எதுவும் நேரவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்தப் பத்தியத்தின் அளவு விளங்கும்.

இன்னொரு செய்தி இதைவிட விசித்திரமானது. செக்ரடின் என்ற ஜீரண சுரப்பை ஊசியாகச் செலுத்தினால் ஆட்டிசம் நீங்குமென்ற பேச்சு 1998-இல் எழுந்து, ஆயிரக்கணக்கான பெற்றோர் அதற்காக அலைந்தார்கள். மறு வருஷமே நடந்த ஒரு பரிசோதனையில் அந்த ஊசி போட்ட குழந்தைகளும், வெறும் உப்புநீர் ஊசி போட்ட குழந்தைகளும் ஒரேவிதமாக முன்னேறியிருந்தார்கள். இதைப் பெற்றோரிடம் சொன்ன பிறகும் அவர்களில் 69 சதவிகிதத்தினர் அந்த மருந்தில் தங்களுக்கு இன்னும் நாட்டமுண்டு என்றார்கள். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காமாட்சி சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றுகிறவளைப் பார்த்து, விளக்கினால் ஜுரம் இறங்குமென்பதற்கு அத்தாட்சி என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விளக்கு குழந்தையின் இலையிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்பதுதான் அங்கே விசேஷம்.

இவ்வளவும் சொன்னதால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வயிற்றுத் தொந்தரவை யாரும் கற்பனையென்று எண்ணிவிடக்கூடாது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் வெளியான கணக்குப்படி, மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு ஜீரணக் கோளாறுகள் நான்கு மடங்குக்கு மேல் அதிகம். மலச்சிக்கலும் பேதியும் வயிற்றுவலியும் சர்வசாதாரணம். வலியைச் சொல்ல வாய் இல்லாத குழந்தை, மேசையின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். நள்ளிரவில் எழுந்து கத்தும். தன் கையைத் தானே கடிக்கும். சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டேயிருக்கும். இதையெல்லாம் ஆட்டிசத்தின் குணம் என்று ஒதுக்கிவிடாமல், வலியின் பாஷையாக எடுத்துக்கொண்டு, வேறெந்தக் குழந்தைக்கும் செய்வதைப்போலவே வயிற்றைப் பரிசோதிக்க வேண்டுமென்று, கூடி ஆலோசித்த குழந்தை வைத்திய நிபுணர்கள் 2010-இல் எழுதிவைத்தார்கள். சில குழந்தைகளுக்குப் பசும்பாலே தீராத மலச்சிக்கலுக்குக் காரணமாகிறது என்பது ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடத்திலேயே கண்ட உண்மை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாலை நிறுத்தினால் வயிறு இளகும், வலி போகும், தூங்குவான். தூங்கி எழுந்த பிள்ளை தாயின் முகத்தை இன்னும் இரண்டு தரம் பார்க்கவுங்கூடும். அது வயிற்றுக்குச் செய்த வைத்தியம். அதன் பலனை அந்த அளவில் வைத்துக்கொண்டால் ஒரு குற்றமுமில்லை.

இனித் தத்துவத்தின் பக்கம் திரும்புவோம். அதே சாந்தோக்கியத்தின் ஏழாம் அத்தியாயத்தின் இறுதியில், ஆகாரத்தின் தூய்மையிலிருந்து அந்தக்கரணத்தின் தூய்மையும், அதிலிருந்து நிலைத்த நினைவும் பிறக்கின்றனவென்று சனத்குமாரர் நாரதருக்குச் சொல்கிறார். இந்த ஆகாரம் எது என்பதில் சங்கரருக்கும் ராமானுஜருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. இருவரையுமே தன்னுடையவர்களாகக் கொண்டாடும் ஊர் காஞ்சி என்பதால், இந்த விவாதத்தை அவ்வூர் வீடு ஒன்றின் அடுக்களையில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகவே இருக்கும்.

ராமானுஜர் அதை உண்ணும் அன்னமென்றே கொண்டு, பூர்வாசாரியரை அனுசரித்து, அன்னத்துக்கு வரும் தோஷங்களை மூன்றாக வகுத்தார்: பண்டத்தின் இயல்பிலேயே உள்ளது ஒன்று, அதைத் தருகிறவரால் வருவது ஒன்று, மயிர் தூசி முதலியவை பட்டதால் நேர்வது ஒன்று. இக்காலத்துப் பத்தியக்காரர்கள் அவருடைய ஸ்ரீபாஷ்யம் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்களும் இம்மூன்று படிகளிலேயே ஏறுகிறார்கள். முதலில் கோதுமை என்ற ஜாதியே குற்றம் என்கிறார்கள். பிறகு, கோதுமை அரைத்த மில்லில் அரைத்த மாவும் குற்றம், கடையில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதால் அதைத் தாளித்த ரசமும் குற்றம் என்கிறார்கள். சீலியாக் நோயாளிக்கு இந்த எச்சரிக்கை அவ்வளவும் அவசியம். மற்றவருக்கு அது வெறும் மடி ஆசாரம். கடைசியாக, பலன் ஒன்றும் காணாதபோது, பத்தியம் பொய்யென்று யாரும் சொல்வதில்லை. தாய் எங்கோ தவறவிட்டாள், ஊருக்குப் போனபோது பாட்டி ஒரு வாய் பாயசம் கொடுத்துவிட்டாள் என்கிறார்கள். தருகிறவரிடத்தில் தோஷம் என்பது இப்படித்தான் வந்துசேர்கிறது.

அந்தத் தோஷத்தைத் தாயின் தலையில் சுமத்தியதில் மேல்நாட்டாரும் சளைத்தவர்களல்லர். தாயின் அன்பில்லாத குளிர்ச்சியே குழந்தையை இப்படி ஆக்குகிறதென்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு பெரிய புஸ்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, தாமே இப்படிப்பட்ட குழந்தையின் தகப்பனாரான பெர்னார்டு ரிம்லாண்டு அந்தக் கொள்கையை ஆணித்தரமாக மறுத்திருந்தார். தாய்மாரை அந்தப் பழியிலிருந்து மீட்ட அதே ரிம்லாண்டு பிற்காலத்தில் வைட்டமின்களுக்கும் விசேஷ ஆகாரங்களுக்கும் பெரிய பிரசாரகராக ஆனார் என்பதும், அந்த ஆகாரங்களின் மூலமாக அடுக்களை வழியே பழி மறுபடியும் தாயிடமே திரும்பிற்று என்பதும் விதியின் வேடிக்கைகளில் ஒன்று.

ராமானுஜரை இந்தக் காரியத்துக்குச் சாட்சியாக அழைக்கிறவர்கள் அவருடைய காஞ்சி வாழ்க்கையையும் நினைக்கவேண்டும். வரதராஜருக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் வைசிய குலத்தவர். அவர் அமுது செய்த சேஷத்தை உண்ணவேண்டுமென்று ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்திருந்தார். தாம் வெளியே போயிருந்த சமயத்தில் மனைவி நம்பிகளுக்குப் படைத்து, மிகுந்ததை வெளியே கொடுத்து, இடத்தை மெழுகி, ஸ்நானமும் செய்துவிட்டு நின்றதைக் கண்டு அவர் மனம் நொந்தாரென்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அன்னத்துக்குத் தோஷம் சொன்னவரே, ஊரார் தோஷமென்று எண்ணியதை அமுதமென்று தேடிப் போனார். ஆகையால் தருகிறவர் சுத்தமா என்ற கேள்விக்கு அவர் வைத்த அளவுகோல் தருகிறவரின் அன்பு என்றே நான் கொள்கிறேன். அந்த அளவுகோலால் அளந்தால், பிள்ளையின் ஐந்து பண்டங்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு நாள்தோறும் ஊட்டுகிற தாயின் கையில் என்ன தோஷம் இருக்கமுடியும்?

சங்கரரோ ஆகாரமென்பது வாயால் உண்பது மட்டுமன்று, இந்திரியங்களின் வழியாக உள்ளே வாங்குவதெல்லாம் ஆகாரமே என்று கொண்டார். ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பொறுத்தமட்டில் இந்த வியாக்கியானம் ஒரு பெரிய வெளிச்சத்தைக் கொடுக்கிறது. தறியின் சத்தம், கோயில் மணி, நாகஸ்வரம், டியூப்லைட்டின் முனகல், அப்பளத்தின் நொறுங்கல், கத்தரிக்காயின் வழுவழுப்பு ஆகிய எல்லாம் அவனுக்குள் ஒரே சமயத்தில், வடிகட்டப்படாமல் வந்து விழுகின்றன. 2019-இல் அத்தி வரதர் எழுந்தருளியிருந்த 48 நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம் வந்ததே, அந்த நெரிசலில் நின்றவர்களுக்கு, புலன்கள் அளவுக்கு மீறி உண்டுவிட்ட அஜீர்ணம் எப்படியிருக்குமென்று ஓரளவு தெரிந்திருக்கும். ஒரே கம்பெனி பிஸ்கத்தை அவன் கேட்பது நாக்கின் ருசியால் மட்டுமன்று. இன்றைக்கும் நாளைக்கும் அதே வடிவம், அதே நிறம், அதே நொறுங்கல் என்று உலகத்தில் அவனை ஏமாற்றாத பண்டம் அது ஒன்றே. வரதராஜர் கோயிலில் மந்தாரையிலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் இட்டு நிவேதனமாகும் இட்லி, வயிற்றுக்கு இதமானது, குளூட்டன் என்பதே இல்லாத அரிசியும் உளுந்தும் புளித்துச் சமைந்தது என்று பெரியவர்கள் சொல்லலாம். வெள்ளை இட்லிக்குப் பழகிய பிள்ளைக்கோ அதிலுள்ள மிளகு ஒவ்வொன்றும் ஒரு அபாயம்.

இங்கேதான் தர்ம சாஸ்திரத்தின் கேள்வி எழுகிறது. எந்த விரதமும் சங்கல்பத்தோடு தொடங்குகிறது. இன்னார், இன்ன பலனை வேண்டி, இன்னதைச் செய்கிறேன் என்று கர்த்தா தன் வாயால் சொல்லவேண்டும். ஏகாதசி உபவாசத்தைக் கண்டிப்பாக விதிக்கிற சாஸ்திரங்களே, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எண்பது வயது கடந்த முதியோருக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கின்றன. இஸ்லாத்திலும் பருவமெய்தாத சிறுவருக்கும் நோயாளிக்கும் ரமலான் நோன்பு கடமையன்று. தெய்வமே கேட்கத் தயங்குகிற உபவாசத்தை, தனக்கு என்ன நேருகிறதென்று கேட்கவும் மறுக்கவும் வாயில்லாத ஐந்து வயதுப் பிள்ளையின்மேல், அவன் வேறொருவனாக மாறவேண்டுமென்ற நம்முடைய பிரார்த்தனைக்காக ஏற்றலாமா? பிள்ளைக்காகத் தாய் சனிக்கிழமை ஒருவேளை உண்ணட்டும், மண்சோறு தின்னட்டும், அங்கப்பிரதட்சிணம் செய்யட்டும். அவையெல்லாம் அவளுடைய விரதங்கள். தயிர்சாதத்தைப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவது அவளுடைய விரதமாகாது.

பல்லவர்களுடைய படைத்தலைவராக வாதாபி வரையில் சென்று வென்ற பரஞ்சோதியார், பிறகு சிறுத்தொண்டராகித் தம் ஒரே பிள்ளையை அறுத்துக் கறிசமைத்துச் சிவனடியாருக்குப் படைத்த சரித்திரத்தைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பக்தியின் உயரத்தை அளக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அங்கேயும், பரதேசியாக வந்த இறைவன் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னாரே ஒழிய, இலையில் கைவைக்கவில்லை.

பத்தியம் வேறு, விரதம் வேறு என்பதை நம்முடைய சித்த வைத்தியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு மண்டலம் மருந்து என்றால் ஒரு மண்டலம் பத்தியம். அது முடிந்தால் மறுபத்தியம். பிறகு மெல்லப் பழைய சாப்பாடு. அதற்குத் தொடங்கும் நாள் உண்டு, முடியும் நாள் உண்டு, இடையில் நாடி பார்க்கிறவர் உண்டு. புதிய பத்தியங்களில் முடியும் நாளைக் காணோம். ஆறு வாரம் நிறுத்திப் பார்த்துப் பலனில்லையென்றால் விட்டுவிடு என்று சொல்கிறவரைக் காட்டிலும், இன்னும் ஆறு மாதம், இன்னும் சோயா, இன்னும் சர்க்கரை, இன்னும் சோளம் என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்களே அதிகம். அதற்கேற்ற மாவும் மாத்திரையும் விற்கிறவர்களுக்கும் குறைவில்லை. இதனிடையே பிள்ளையின் எலும்பு மெலிகிறது. ஆட்டிசம் உள்ள 75 சிறுவர்களின் கை எலும்பை அளந்து 2008-இல் எழுதியவர்கள், அது பொதுவாகவே மெல்லியதாக இருந்ததென்றும், பால் நிறுத்தியவர்களிடத்தில் இன்னும் மெல்லியதாக இருந்ததென்றும் கண்டார்கள். இரண்டு மூன்று பண்டங்களோடு நின்றுவிட்ட குழந்தைகள், நடக்கமாட்டாமல் நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, காய்கனி இல்லாமையால் வரும் ஸ்கர்வி என்று கண்டறியப்பட்ட செய்திகளும் வைத்திய ஏடுகளில் பலமுறை வந்திருக்கின்றன. பாலை நிறுத்தியே தீரவேண்டுமென்றால் அதன் ஸ்தானத்தில் கேழ்வரகும் எள்ளும் கீரையும் வந்தாகவேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பாகவே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நிறுத்திவிட்ட பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லையென்றே காட்டக்கூடும். இந்தச் சிறிய விஷயத்தை அறியாமல் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு ஓடுகிறவர்கள் அநேகர்.

உத்தாலகருடைய சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும்படி செய்தது 2021-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. ஆட்டிசத்துக்குக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் காரணமாயிருக்கலாமென்ற எண்ணம் அப்போது ஓங்கியிருந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள், அவர்களுடைய உடன்பிறந்தோர், மற்றவர் என்று 247 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தவர்கள், ஆட்டிசத்துக்கும் நுண்ணுயிர்களுக்கும் நேரான சம்பந்தம் மிகச் சொற்பமென்றும், ஆட்டிசத்தின் இயல்பால் குழந்தை சில பண்டங்களையே உண்கிறது, அப்படிக் குறுகிய உணவினால் குடலின் நுண்ணுயிர் வகைகள் குறைகின்றன, மலமும் இளகிப்போகிறது என்றும் சொன்னார்கள். மனம் உணவைத் தேர்ந்தெடுக்கிறது. உணவு குடலை ஆக்குகிறது. இது மெய்யானால், குறுகிப்போன உணவை மேலும் குறுக்குகிற பத்தியம், நோய்க்குப் பரிகாரமாவதற்குப் பதிலாக நோயின் திசையிலேயே பிள்ளையைத் தள்ளுகிறது.

காஞ்சிக்கு இந்த விஷயத்தில் வேறொரு பாரம்பரியம் இருக்கிறது. பஞ்சம் பிடித்திருந்த கச்சிமாநகரத்துக்கு அமுதசுரபியை ஏந்திக்கொண்டு மணிமேகலை வந்தபோது, அதைச் சூழ்ந்தவர்களின் வரிசையில் குருடரையும் செவிடரையும் முடவரையும் நோயாளிகளையும் சொல்லும் சாத்தனார், பேச்சில்லாதவர்களையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார். அவர்களைப் பேசவைப்பதற்காக அவள் எதையும் நிறுத்தவில்லை, பசிக்குக் கொடுத்தாள். பேச்சுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. காஞ்சியிலிருந்து முட்டுக்காட்டுக்குப் போனால், பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்காக மத்திய சர்க்கார் 2005-இல் நிறுவிய தேசிய நிலையத்தில் பேச்சுப் பயிற்சியும், படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்குகிற பயிற்சியும் உண்டு. வாயால் தண்ணீர் என்று சொல்லாத பிள்ளை, தண்ணீர்ப் படத்தை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கக் கற்றுக்கொள்வதற்குக் கோதுமையை நிறுத்தவேண்டிய அவசியமில்லை.

ஆகவே அந்தத் தறிவீட்டில் நடக்கவேண்டியது கழித்தலன்று, கூட்டல். ஐந்து பண்டங்களையும் அப்படியே விட்டு, ஆறாவதாக ஒன்றை அவனுடைய தட்டின் ஓரத்தில் வைக்கலாம்: இட்லி மாவில் ஒரு கரண்டி கேழ்வரகு மாவு கலந்து, நிறம் மாறுவதை அவன் பொறுக்கும் மட்டும் நாளுக்கு நாள் சிறிது கூட்டிப் பார்க்கலாம், வெறும் தண்ணீர் போன்ற கூழை அவனுக்குப் பழக்கமான டம்ளரிலேயே வைக்கலாம். அவன் தொடாமல் தள்ளிவிட்டால் ஊட்டக்கூடாது, வாயைத் திறக்கச் செய்து திணிக்கவுங்கூடாது; மறுநாளும் அதையே அங்கேயே வைக்கவேண்டும். முதலில் பார்ப்பான், பிறகு விரலால் தொடுவான், பிறகு முகர்வான். நாக்கில் படுவதற்கு மாதங்கள் ஆகலாம். ஆடி மாதம் வந்தால் தெருமுனை அம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ் வார்ப்பார்கள். வேண்டுதல் இருந்தால் அவள் வார்க்கட்டும், வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கட்டும். அவனுடைய டம்ளரில் அன்றைக்கும் ஒரு வாய்க்குமேல் ஊற்றவேண்டியதில்லை.